‘வொர்க்ட்’டா, ‘ஹேவ் வொர்க்ட்’டா?

மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகிறவர்களின் நாக்கு இங்கிலீஷில் தடுக்கும் இடம் இது. வினைச்சொல் இரண்டிலும் ஒன்றே: ‘வொர்க்’ கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்து. இரண்டாவதில் முன்னால் ‘ஹேவ்’ வரும். அவன், அவள், அது என்றால் ‘ஹேஸ்’.

முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் முதலாவதுதான். ராயபுரம் ஸ்டேஷன்: ‘இட் ஓப்பன்ட் இன் 1856’. இங்கே ‘ஹேஸ்’ நுழையக் கூடாது. நம்மைக் கவிழ்ப்பது தமிழ்தான். ‘2019-ல ஹார்பர்ல வேலை பார்த்திருக்கேன்’ என்பது நமக்கு இயல்பு. அதையே ‘ஐ ஹேவ் வொர்க்ட் தேர் இன் 2019’ என்றால் தப்பு. வருஷத்தை விடுங்கள், இல்லையேல் ‘ஹேவ்’வை விடுங்கள்.

தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறதா? இரண்டாவது: ‘ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. ‘ஹேவ்’ விழுந்துவிட்டால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தம், ‘ஏன் விட்டீங்க?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும். கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய வருஷத்துக்கு ‘சின்ஸ்’.

கேள்வியில் முதலாவதுக்கு ‘டிட்’ வந்ததும் அந்த இரண்டு எழுத்தும் போய்விடும்: ‘டிட் யூ வொர்க்?’ ‘டிட் யூ வொர்க்ட்’ என்பது வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை காதில் விழும் பிழை. இரண்டாவதில் அவை அப்படியே நிற்கும்: ‘ஹேவ் யூ வொர்க்ட்?’

உச்சரிப்பு இரண்டுக்கும் பொது. ‘வொர்க்கெட்’ அல்ல, ‘வொர்க்ட்’. வினை t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டுமே தனி அசை: ‘வான்டட்’.