மஞ்சள் வண்ணத்துப்பூச்சி வளர்க்கும் வலைக்கூண்டு: வாங்கலாமா?

40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள மடக்குக் கூண்டு இது. தகரை, கொன்றை இலைகளில் ஒவ்வொன்றாக முட்டையிடும் சிறு மஞ்சள் வண்ணத்துப்பூச்சிக்கு, அதாவது அறிவியல் பெயரில் யூரிமா ஹெகாபேவுக்கு, இந்த இடம் தாராளம்.

வலைக்கண் நுண்ணியதாக இருப்பதுதான் இதன் பெரிய பலம். மூன்று நாளில் பொரியும் புழு நூலிழை அளவே இருக்கும். கண் பெரிதானால் நழுவிவிடும். பலவீனம் ஜிப்பின் மூலை. அங்கே விழும் இடுக்கில் எறும்பு நுழையும், துணிநாடா ஒட்டியே ஆக வேண்டும்.

கிளையைத் தண்ணீர்க் குப்பியில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையேல் புழு இறங்கி மூழ்கிவிடும். அடித்தாளைத் தினமும் மாற்றுங்கள். எச்சத்தில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மருந்து தெளித்த இலை வேண்டவே வேண்டாம்.

ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பச்சைப் புழு தண்டில் பட்டுநூல் கச்சை கட்டிக் கூட்டுப்புழுவாகும். அதன்பின் கூண்டை அசைக்கக் கூடாது. ஒரு வாரத்தில் ஓட்டின் வழியே மஞ்சள் இறகும் கறுப்பு விளிம்பும் தெரிந்தால் மறுநாள் வெளிவரும். முழுதும் பழுப்பேறி விறைத்திருந்தால் ஒட்டுண்ணிக் குளவியின் வேலையாக இருக்கலாம், உடனே அகற்றுங்கள்.

இறகு உலர்ந்து விரிய இரண்டு மணி நேரமாவது விட்டு, வெயில் வந்தபின் திறந்துவிடுங்கள். ஜிப்பைச் சரிசெய்தால் வாங்கத்தக்க நல்ல கூண்டு.