13 வருட சோலார் ஹீட்டர்: புதிது வாங்காமல் சரிசெய்த கதை, ராமமூர்த்தி நகர்

எங்கள் வீடு பெங்களூரு ராமமூர்த்தி நகரில், 2011-ல் கட்டியது. புது வீட்டுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வேண்டுமென்றால் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்க வேண்டும் என்று கரண்ட் கம்பெனியான பெஸ்காமில் சொன்னார்கள் என்று மொட்டை மாடியில் ஏற்றியதுதான் இந்த 200 லிட்டர் டேங்க்கும் கண்ணாடி மூடிய இரண்டு தட்டைப் பேனலும். பத்து வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு குறைந்து, போன மார்கழியில் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிக்கப் போய் இரண்டு பக்கெட் பச்சைத் தண்ணீரை வீணாகக் கீழே விட்டும் வெதுவெதுப்புக்கு மேல் வரவில்லை என்று அடுப்பில் தண்ணீர் வைக்கும் நிலைமை வந்துவிட்டது. டேங்க்கில் இருக்கும் கரண்ட் ஹீட்டரைப் போட்டால் சுடும், ஆனால் 200 லிட்டரை 30 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். தினமும் அப்படி ஓட்டினால் சோலார் எதற்கு?

முதலில் ஒரு சர்வீஸ் சென்டரிலிருந்து ஆளை வரச் சொன்னோம். பத்து நிமிடம் இருந்தார், கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், "பேனல் ஆயுசு முடிஞ்சிடுச்சு, மொத்தமா மாத்திடுங்க" என்று 48,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பார்த்த கூலி 500 வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு குழாயைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் சித்தி சொல்லி அல்சூரிலிருந்து ஒருவர் வந்தார். கிருஷ்ணகிரிக்காரர், தனி ஆளாக சோலார் வேலை மட்டும் செய்கிறவர். இந்த விமர்சனம் அவர் செய்த வேலையைப் பற்றித்தான். மாடிக்கு வந்ததும் பேனலைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார். டேங்க்கிலிருந்து காற்று வெளியேற வைத்திருக்கும் ஏர் வென்ட் குழாய்க்குக் கீழே தளம் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. "அக்கா, வென்ட்ல தண்ணி வழியுதே, எத்தனை நாளா?" என்றார். எங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த கேள்வி, "வீட்ல பிரஷர் பம்ப் போட்டீங்களா?" போட்டிருந்தோம், முந்தின வருடம், மேல்மாடியில் ஷவர் சரியாக வரவில்லை என்று. சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்காது என்பதால் பிளம்பர் பம்ப்பைப் பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் கொடுத்திருந்தார். அதுவரை சரிதான்.

பிறகு அவர் செய்த சோதனையை நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். சோலார் டேங்க்குக்குள் பச்சைத் தண்ணீர் போகும் வால்வை அடைத்துவிட்டு, சமையலறையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கச் சொன்னார். டேங்க்குக்குள் தண்ணீர் போகாததால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. ஐந்து நிமிடமும் ஜோராகக் கொட்டியது, அதுவும் ஜில்லென்று. அப்படியென்றால் எங்கேயோ ஒரு இடத்தில் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுகிறது. ஒவ்வொரு குளியலறை வால்வாக அடைத்துக்கொண்டே வந்தபோது என் மகன் குளியலறையில் நின்றது. அங்கே கைஷவர் இருக்கிறது. சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்ஸரில் இரண்டு திருகையும் திறந்து வைத்துவிட்டு, கைப்பிடியில் உள்ள பொத்தானை விட்டு நிறுத்திவிடுவான். வெளியே போக வழியில்லாத தண்ணீர், பம்ப் அழுத்தத்தில் மிக்ஸருக்குள்ளேயே மாறி, சுடுதண்ணீர்க் குழாய் வழியாக மேலே ஏறி சோலார் டேங்க்கையே குளிர வைத்து வென்ட்டில் வழிந்திருக்கிறது. ஒரு வருடமாக எங்கள் சூடான தண்ணீர் மொட்டை மாடியில் ஓடியிருக்கிறது! அந்தக் கைஷவரைக் கழற்றினார், அந்த லைனில் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டார். பாதிப் பிரச்சினை அன்றைக்கே முடிந்தது.

மீதிப் பாதி உப்பு. எங்கள் பகுதியில் காவேரித் தண்ணீர் வாரம் இரண்டு நாள் வரும், மற்ற நாளெல்லாம் போர்வெல்தான். மதியம் ஒரு மணி வெயிலில் பேனலிலிருந்து டேங்க்குக்கு ஏறும் குழாயைத் தொடச் சொன்னார். கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டிய இடம், வெதுவெதுவென்று இருந்தது. இந்த அமைப்பில் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலே ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, அந்தச் சுழற்சியில்தான் ஓடுகிறது. பேனலுக்குள் இருப்பது அரை அங்குலச் செம்புக் குழாய்கள், அதில் உப்பு படிந்தால் சுழற்சி நின்றுவிடும். பேனலின் மூலையைத் திறந்ததும் சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்தது போல வெள்ளைச் செதில் செதிலாக விழுந்தது. பேனலைத் தனியாகப் பிரித்து, ஒரு பக்கெட்டில் சல்பாமிக் ஆசிட் தூளைக் கரைத்து, சின்ன மோட்டார் வைத்து மூன்று மணி நேரம் சுற்ற விட்டார். நுரை அடங்கியதும் புதுக் கரைசல், மறுபடி நுரை. கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றக்கூடாதா என்று கேட்டேன். அது செம்பையும் இணைப்புகளையும் சேர்த்து அரித்துவிடும் என்றார்.

டேங்க்குக்குள் இருந்த மெக்னீசியம் கம்பியை வெளியே எடுத்துக் காட்டியதுதான் எனக்கு மறக்க முடியாதது. துருவை டேங்க்குக்குப் பதிலாகத் தான் வாங்கிக்கொள்ளத்தான் அதைப் போடுகிறார்கள். விரல் தடிமனில் இருந்திருக்க வேண்டியது, துடைப்பக் குச்சி அளவுக்குக் கரைந்து கையில் வந்தது. இதை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று 13 வருடத்தில் யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

இவை தவிரப் புதிதாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான். சுடுதண்ணீருக்கு ஒரு அங்குல ஜி.ஐ. இரும்புப் பைப்பு வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு முக்கால் அங்குல சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பு போட்டு, மேலே கறுப்பு ஃபோம் உறை மாட்டி, நேர்வழியில் இறக்கினார். குழாய் ஒல்லியானால் அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரும் குறைவு. முன்பு இரண்டு பக்கெட் வீணானது, இப்போது அரை பக்கெட். மாலை ஆறு மணிக்கு 38 டிகிரி இருந்த தண்ணீர் இப்போது 61, மறுநாள் காலை ஐந்தரைக்கு 54. சமையலறைத் தெர்மாமீட்டரில் நானே பார்த்தது. பைப்பு, கம்பி, ஆசிட், கூலி எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய் ஆனது.

குறையும் உண்டு. சொன்ன நாளுக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தார், போனையும் எடுக்கவில்லை. பில் துண்டுச்சீட்டில்தான். ஆசிட் தெறித்த இடத்தில் மாடி ஓடு வெளுத்துப்போனது, கீழே ஒரு சாக்கை விரித்திருக்கலாம். ஆனாலும், "புதுசே வாங்கிடட்டுமா?" என்று நான் கேட்டபோது, "வேண்டாம்க்கா, கண்ணாடியும் செம்பும் நல்லா இருக்கு. டேங்க் ஒழுக ஆரம்பிச்சா அப்ப பாக்கலாம்" என்று சொன்னவர் அவர். அப்படி வாங்கும் நாள் வந்தால் எங்கள் போர்வெல் தண்ணீருக்கு அகலமான கண்ணாடிக் குழாய் வைத்தது வாங்குங்கள், உப்பு படிந்தாலும் குழாயை உருவிக் கழுவிவிடலாம், இல்லையென்றால் பேனலுக்குள் தனித் தண்ணீர் சுற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை என்றும் சொல்லிவிட்டுப் போனார். விற்பதிலேயே குறியான ஆளாக அவர் இருந்திருந்தால் அன்றைக்கே எங்களிடம் 48,000 வாங்கியிருக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேனலின் அடிவால்வைத் திறந்து கலங்கல் போகும்வரை தண்ணீரை விடச் சொல்லியிருக்கிறார். காலண்டரில் ஆடி முதல் தேதியில் அம்மா வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.