ஆர்ட் டெகோ நிச்சயதார்த்த மோதிரம்: பல வருஷம் போட்ட பிறகு

லண்டன் ஹாட்டன் கார்டனில், பழைய நகைகள் மட்டும் விற்கும் ஒரு சின்னக் கடையில் வாங்கிய மோதிரம் இது. 1930களில் பிரிட்டனில் செய்தது. நடுவில் ஒரு வைரம், அதைச் சுற்றி வட்டமாக நீலக்கற்கள். இந்த அமைப்பை இங்கே 'டார்கெட்' மோதிரம் என்பார்கள். நிச்சயதார்த்தத்திலிருந்து தினமும் கையில்தான் இருக்கிறது. சமையல், அலுவலகம், குழந்தை வளர்ப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. கடையில் நின்று பார்க்கும்போது தெரியாத சில விஷயங்கள் இத்தனை வருஷத்தில் தெரிந்தன.

ஆர்ட் டெகோ என்ற பெயர் 1925இல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியை ஒட்டி வந்தது. பாணி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. முந்தைய எட்வர்டியன், அதாவது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்க நகைகளில் பூமாலை, ரிப்பன், லேஸ் என்று எல்லாம் வளைந்து நெளியும். டெகோவில் நேர்கோடு, முக்கோணம், எண்கோணம், அடுக்கடுக்கான படிகள். 1922இல் துட்டன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டதும் எகிப்திய வடிவங்களும் சேர்ந்துகொண்டன. வெள்ளை உலோகம், வெள்ளை வைரம், பக்கத்திலேயே அழுத்தமான நீலமோ பச்சையோ கறுப்போ. கண் முதலில் அந்த வடிவத்தைத்தான் பிடிக்கிறது. கல் எவ்வளவு பெரியது என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. என் வைரம் அரை காரட்கூட இல்லை. நீல வட்டம் சுற்றி நிற்பதால் அது ஒருநாளும் சின்னதாகத் தெரிந்ததில்லை.

அந்த வைரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். 'ஓல்டு யூரோப்பியன்' என்ற பழைய முறையில் பட்டை தீட்டியது. மேல்தளம் சிறியது, மேல்பகுதி உயரமானது. அடிமுனை கூராக முடியாமல் லேசாகச் சீவப்பட்டிருக்கும். அதனால் நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு குட்டி வட்டம் தெரியும். இன்றைய பிரில்லியன்ட் பட்டையில் ஒளி பொடிப்பொடியாகத் தெறிக்கும். இதில் பெரிய துண்டுகளாக, நிறத்தோடு எழும். அலுவலக டியூப் லைட்டில் சற்று அடங்கித்தான் இருக்கும். மாலையில் மஞ்சள் விளக்கின் கீழ் கையைத் திருப்பினால் சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் மாறி மாறி வரும். எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

நீலக்கற்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்றே அளவெடுத்து வெட்டியவை. இதற்குக் 'காலிப்ரே' என்று பெயர். என்னுடையவை செயற்கைக் கற்கள். உள்ளே வளைந்து ஓடும் வளர்ச்சிக் கோடுகளை விற்பவரே லென்ஸில் காட்டிவிட்டார். ஓகஸ்த் வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். சில வருஷங்களில் நீலமும் வந்தது. ஒரே நிறத்தில் நிறையச் சின்னக் கற்கள் தேவைப்பட்டதால், அந்தக் கால நல்ல பட்டறைகளும் அவற்றைப் பதித்தன. ஆகவே செயற்கைக் கல் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு பழைய மோதிரத்தை ஒதுக்காதீர்கள். "நீலம் எல்லாருக்கும் ஒத்துக்காதேடி" என்று தயங்கிய அம்மாவுக்கும் இந்த விவரம் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிரச்சினை வந்ததும் இந்தக் கற்களில்தான். ஒன்றின் ஓரம் உடைந்தது. முதலில் கொடுத்த கடையில் கொஞ்சம் சிறிய கல்லை வைத்து, பசை போட்டுத் திருப்பித் தந்தார்கள். சில மாதத்தில் அது ஆட ஆரம்பித்தது. பிறகு பழைய நகைகளையே பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில், அந்த இடத்துக்கென்று கல்லைத் தேய்த்துப் பொருத்தினார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தேன், செலவும் அதிகம். ஆனால் இப்போது எது மாற்றிய கல் என்று எனக்கே தெரியவில்லை.

வளையம் 18 காரட் தங்கம், முகப்பு பிளாட்டினம். அந்தக் கால பிரிட்டிஷ் மோதிரங்களில் இது சகஜம். ஊரில் "வெள்ளியா?" என்று கேட்டவர்கள் உண்டு, உள்பக்கத் தங்கத்தைக் காட்டினால் போதும். பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு ஹால்மார்க் 1975இல்தான் வந்தது. அதனால் பழைய மோதிரத்தில் 'பிளாட்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை. வெள்ளைத் தங்கத்துக்கு நிறம் வெளுப்பாக இருக்கப் போடுவதுபோல், ரோடியம் என்ற உலோகப் பூச்சு போடும் வேலையும் இல்லை. தேய்வது மில்கிரெயின்தான், அதாவது விளிம்பில் கடுகைவிடப் பொடியான மணி வரிசை. என் மோதிரத்தில் ஒரு பக்கம் கிட்டத்தட்ட மழுங்கிவிட்டது. கல்லின் பிடி உறுதியாக இருக்கும்வரை அதைத் தொடப்போவதில்லை.

முகப்பு தாழ்வாக இருப்பதால் ஸ்வெட்டரிலோ தலைமுடியிலோ மாட்டாது. சப்பாத்தி மாவும் கிரீமும் மட்டும் பின்பக்கத் துளைகளில் அடைந்துகொள்ளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். கல் பதித்த பழைய நகைகளுக்கு அல்ட்ராசோனிக், அதாவது ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் கருவி வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை கற்களின் பிடியைச் சோதிக்கக் கொடுங்கள். கர்ப்ப காலத்தில் விரல் வீங்கியபோது அளவைக் கூட்டினேன். வளையத்தில் வேலைப்பாடு இல்லாததால் சுலபமாக முடிந்தது. சுற்றிலும் செதுக்கிய வளையம் என்றால் அளவு மாற்றுவது கஷ்டம், வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையால் கடினமான வேலை செய்பவர்களுக்கு, இதே பாணியில் புதிதாகச் செய்த மோதிரத்தையே சொல்வேன். மரகதம் பதித்த பழையது தினமும் போட ஏற்றதில்லை, அந்தக் கல் சீக்கிரம் சேதமாகும். மற்றவர்கள் தைரியமாகப் பழையதையே வாங்கலாம். லென்ஸ் கொடுத்து நிதானமாகப் பார்க்கவிடும் கடையாக மட்டும் இருக்கட்டும்.