மேட்டா, கிளாஸியா? எழுத்து வாசிக்க ஏற்ற திரை எது

டெல்லின் யூ2711 மானிட்டர் 2010-இல் வந்தது, யூ2713எச்எம் 2012-இல். இரண்டும் 27 அங்குலம், இரண்டிலும் 2560x1440 பிக்சல். கணக்குப்படி பார்த்தால் எழுத்து இரண்டிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஆனால் பழையதில் ஒரு வேர்டு பக்கத்தைத் திறந்தால் வெள்ளைப் பரப்பு முழுக்கப் பொடி தூவியது போல மினுங்கும். புதியதில் அந்த மினுங்கல் பெருமளவு போய்விட்டது. உள்ளே படத்தைக் காட்டும் பேனலும் மாறியது உண்மைதான். ஆனாலும் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் மேலே இருக்கும் ஆன்டி-கிளேர் பரப்பு, அதாவது பிம்பம் விழாமல் தடுக்கும் பளபளப்பில்லாத மேட் பரப்பு.

மேட் திரையின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்காது; கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் நிறைந்தது. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டால் சிதறிப்போகும், பிம்பம் விழாது. சிக்கல் என்னவென்றால், உள்ளிருந்து வரும் பிக்சலின் ஒளியும் அதே மேடு பள்ளத்தைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒரு மேடு பச்சையைக் கூட்டிக் காட்டும், பக்கத்து மேடு சிவப்பைக் குறைக்கும். தலையை லேசாக அசைத்தால் பொடிப்பொடியாக நிறம் மாறும். ஸ்க்ரோல் செய்தால் எழுத்து நகரும், பொடி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். தமிழ் வாசிப்பவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். 24 அங்குல 1080பி திரையில் சின்ன எழுத்தில் ஒரு மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பதே ஒன்றிரண்டு பிக்சல்தான். ண, ன சுழிகளும் அப்படியே. கடுமையான மேட் என்றால் அங்கேதான் முதலில் மசமசக்கும். அந்தக் காலத்தில் பொறுக்க முடியாமல் ஈரத்துணி போட்டு ஊறவைத்து மேல்படலத்தை உரித்தவர்களும் உண்டு. விஷப்பரீட்சைதான்!

கண்ணாடி போல வழவழப்பான கிளாஸி திரையில் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்தின் விளிம்பு வெட்டிவைத்த மாதிரி நிற்கும். ஆனால் வெறும் கண்ணாடி, மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 4% திருப்பி அனுப்பும். அதைக் குறைக்கத்தான் மெல்லிய அடுக்குகளால் ஆன எதிரொளிப்புத் தடுப்புக் கோட்டிங். மூக்குக்கண்ணாடியில் பச்சையாக மின்னுகிறதே, அதே வகை. ஒளி அலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அணைப்பதுதான் இதன் வேலை, சிதறடிப்பது அல்ல. அதனால் எழுத்தின் கூர்மையில் கை வைக்காது. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் மட்டும் இதுவும் முழுசாகக் காப்பாற்றாது.

பலர் கவனிக்காத ஒன்று: மேட் திரையின் குறை வெள்ளைப் பின்னணியில் தெரியும், கிளாஸியின் குறை கறுப்புப் பின்னணியில் தெரியும். நாள் முழுக்க டார்க் மோடில் (கறுப்புப் பின்னணியில்) புரோகிராம் எழுதுபவர் கிளாஸி வாங்கினால் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்ய வேண்டும். வெள்ளைப் பக்கத்தில் எடிட்டிங் செய்பவருக்கு அந்தப் பிம்பம் பாதி மறைந்துவிடும்.

ஆப்பிள் மானிட்டர்களில் கிடைக்கும் நானோ டெக்ஸ்சர் கண்ணாடி மூன்றாவது வழி. படலம் ஒட்டாமல் கண்ணாடியிலேயே நுணுக்கமாகச் செதுக்கியது. 2019-இல் ப்ரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆரில் இதற்கு மட்டும் கூடுதலாக 1000 டாலர் கேட்டார்கள். 2022-இல் ஸ்டூடியோ டிஸ்ப்ளேயில் 300 டாலர். பழைய மேட் திரையைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் பக்கத்தில் சாதாரணக் கண்ணாடித் திரையை வைத்துப் பார்த்தால் கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கும். துடைக்கவும் அவர்கள் தரும் துணிதான். ஜன்னலை மறைக்கவோ மேஜையைத் திருப்பவோ வழியே இல்லாதவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல திரைச்சீலை மலிவு.

என்னைக் கேட்டால், எழுத்து வேலைக்கு 27 அங்குல 4கே, இலகுவான மேட். வெளிச்சம் உங்கள் கட்டுப்பாட்டில் என்றால் யோசிக்காமல் கிளாஸி. பிக்சல் அதிகம் என்பதால் மேட் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிக்சல் சிறுத்து, மேடு பள்ளம் பெரிதாகவே இருந்தால் மினுங்கல் கூடத்தான் செய்யும்.

பரப்பு ஒளியை எவ்வளவு சிதறடிக்கிறது என்பதைச் சொல்லும் அளவு ஹேஸ்; ஸ்பெக் தாளில் அது 25% என்றிருந்தால் வழக்கமான ஆபீஸ் மேட். எண் குறையக் குறையத் தெளிவு கூடும். கூடவே இருக்கும் 3எச் கீறல் தாங்கும் கடினத்தைச் சொல்வது, அதை விட்டுவிடலாம். கடையில் ஓடும் வண்ண வீடியோவில் இது எதுவும் தெரியாது. நோட்பேடைத் திறந்து நாலு வரி தமிழ் அடித்துப் பாருங்கள்.