ஜப்பானில் முதல் வாரம்: விடுதியா, ஒரு குடும்பத்தின் வீடா?

பரிமாற்ற மாணவராக ஜப்பான் போகிறவர்களுக்கு என் முதல் ஆலோசனை, இடம் கிடைத்தால் ஒரு குடும்பத்தோடு தங்குங்கள் என்பதுதான்.

விடுதியில் சுதந்திரம் அதிகம். எப்போது வரலாம், என்ன சமைக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் தனியாகக் கற்க வேண்டும். குப்பையையே எடுத்துக்கொள்ளுங்கள்: எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு வேறொரு நாள். பாட்டிலைக் கழுவி, மூடியையும் லேபிளையும் கழற்றிப் போட வேண்டும். தவறாகப் போட்ட பையை எடுக்காமல் விட்டுவிடுவார்கள்.

வீட்டிலோ இதெல்லாம் பார்த்தே பழகிவிடும். வாசலில் கழற்றிய காலணியின் முனையை வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பது, ததாமி பாய் விரித்த அறைக்குள் வீட்டுச் செருப்பும் இல்லாமல் நுழைவது. குளியல் தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். குளித்ததும் தொட்டித் தண்ணீரை வெளியேற்றிவிடக் கூடாது, அடுத்தவரும் அதே வெந்நீரில்தான் இறங்குவார். மாலையில் 'ததைமா' (வந்துவிட்டேன்) என்று சொல்லி நுழைந்தால் உள்ளிருந்து 'ஒகாயெரி' (வா, வா) என்று பதில் வரும். புது ஊரில் அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய ஆறுதல்!

எங்கே தங்கினாலும் 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ரெசிடென்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அட்டையை, மறக்காமல் கொண்டுபோங்கள். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேரும் வேலையையும் அப்போதே முடித்துவிடலாம்.

சுத்த சைவம் என்றால் மட்டும் சரி, விடுதியே நல்லது. மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில்கூடப் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். அன்போடு சமைத்து வைப்பவரிடம் தினமும் வேண்டாம் என்பது இரு பக்கமும் சங்கடம்.