கார்டா, ரொக்கமா: எட்டு ஆண்டுப் பயணங்களில் கண்டது

2016 தொடக்கத்தில் முதன்முறையாகச் சிங்கப்பூர் சென்றபோது, திருச்சியிலேயே டாலர் வாங்கி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்து, அந்த உறையைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டு, ஐந்து நாளும் நெஞ்சைத் தடவிப் பார்த்தபடியே ஊர் சுற்றினேன். கடன் அட்டை ஒன்றும் கையில் இருந்தது. எவ்வளவு பிடிப்பார்களோ என்ற பயத்தில் அதை வெளியே எடுக்கவில்லை. அதன் பிறகு ஜெர்மனி, மீண்டும் சிங்கப்பூர், ஜப்பான் என்று சென்று வந்ததிலும் ஊரில் அன்றாடம் செலவழித்ததிலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன். பயம் வீண் அல்ல என்பதும், நான் பயந்த இடம்தான் தவறு என்பதும் மெல்ல மெல்லத்தான் புரிந்தன.

முதலில் செலவுக் கணக்கு. என்னுடைய பழைய கடன் அட்டைக்கு வெளிநாட்டுச் செலவின் மீதான மார்க்அப் (வங்கி கூட்டிப் பிடிக்கும் கட்டணம்) 3.5 சதவீதம், அந்த மார்க்அப் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 4.13 சதவீதம், அதாவது பத்தாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பொருளுக்கு 413 ரூபாய் கூடுதல். கடையில் தரும் ரசீதில் இது இருக்காது. மாதக் கடைசியில் வரும் ஸ்டேட்மென்டில்தான் தெரியும். ரொக்கமாக மாற்றிக்கொண்டால் இந்தச் செலவு இல்லை என்று எண்ணுவதும் பிழை. 'கமிஷன் இல்லை' என்று பலகை வைத்திருக்கும் நாணய மாற்றுக் கடையிலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் கமிஷன் உட்கார்ந்திருக்கிறது; விமான நிலையக் கவுன்ட்டர்களில் அந்த இடைவெளி இன்னும் அகலம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் "வாங்க தம்பி, எவ்வளவு மாத்தணும்?" என்று தமிழிலேயே கேட்கும் கடைகளில் எனக்குக் கிடைத்த விலை, நான் விசாரித்த விமான நிலைய விலையைவிட ஒவ்வொரு முறையும் எனக்குச் சாதகமாகவே இருந்தது. பின்னர் 2 சதவீத மார்க்அப் உள்ள அட்டைக்கு மாறினேன். ஜிஎஸ்டியோடு 2.36 சதவீதம் என்றான பிறகு பெரிய தொகைகளுக்கு ரொக்கம் சுமக்க வேண்டிய காரணமே இல்லாமல் போயிற்று.

மார்க்அப்பைவிட என்னை அதிகம் ஏமாற்றியது வேறொன்று. 2018இல் பெர்லினில் ஒரு துணிக்கடையில் மேல்கோட்டு வாங்கி அட்டையைச் செருகியதும், 'யூரோவில் செலுத்துகிறீர்களா, இந்திய ரூபாயிலா' என்று இயந்திரத் திரை கேட்டது. அந்நிய ஊரில் நம் பணத்தின் பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் ரூபாயைத் தொட்டுவிட்டேன். அன்றைய வங்கி விலையோடு அறைக்கு வந்து ஒப்பிட்டபோது ஏறத்தாழ ஐந்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அவ்வாறு ரூபாயாக மாற்றும் விலையை நிர்ணயிப்பது நம் வங்கி அல்ல. அந்தக் கடைக்கு இயந்திரம் தந்த தரப்பு. இதற்கும் ஒரு கட்டணம் விதிக்கும் இந்திய வங்கிகள் உண்டு. அன்று முதல் எந்த நாட்டில் நிற்கிறேனோ அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்கிறேன். வெளிநாட்டு ஏடிஎம்மிலும் இதே கேள்வி வேறு சொற்களில் வரும். அங்கேயும் அதே பதில்தான்.

அதே பெர்லினில் ரொட்டிக் கடைகள் சிலவற்றில் அட்டையை எடுத்துக்கொள்ளவே இல்லை. வேறு சில கடைகளின் இயந்திரம் அந்நாட்டு வங்கிகளின் ஜிரோகார்டை மட்டுமே ஏற்றது. இவ்வளவு வளர்ந்த நாட்டில் ரொக்கமா என்று வியந்து, கழிப்பறைக்குப் போடச் சில்லறை தேடி அலைந்தேன். அந்த வியப்பு எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்பதை 2023இல் ஜப்பான் உணர்த்தியது.

கியோட்டோவில் பத்துப் பேர் அமரக்கூடிய ஒரு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை. வாசலிலேயே சீட்டு இயந்திரம். பணம் போட்டுப் பொத்தானை அழுத்தி, வரும் சீட்டைச் சமையற்காரரிடம் கொடுக்க வேண்டும். இயந்திரம் ஆயிரம் யென் தாளையும் நாணயத்தையும் மட்டுமே விழுங்கும் வகை. என்னிடம் இருந்ததோ, செவன் பேங்க் ஏடிஎம்மில் அன்று காலை எடுத்த பத்தாயிரம் யென் தாள். எனக்குப் பின்னால் மூன்று பேர். நான் விழிப்பதைக் கண்ட சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி, ஆயிரம் யென் தாள்கள் பத்தை விசிறிபோல் விரித்து, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டித் தந்தார். அங்கே பணத்தைக் கையில் திணிக்கும் வழக்கம் இல்லை. கல்லாவருகே சிறு தட்டு இருக்கும், அதில் வைக்க வேண்டும், மீதியும் பெரும்பாலும் அதில்தான் வரும். நாணயங்கள் மளமளவென்று சேர்ந்துவிடும். ஐந்து யென் நாணயத்தில் எண்ணே கிடையாது, சீன எழுத்து மட்டும். மஞ்சள் நிறமும் நடுவில் துளையும்தான் அடையாளம். துளையோடு வெள்ளையாக இருந்தால் ஐம்பது. மூன்றாம் நாளுக்குள் விரலே கண்டுகொண்டது. ரயிலுக்கான சுய்கா அட்டையையும் நிலையத்து இயந்திரத்தில் ரொக்கம் போட்டே நிரப்பினேன். விடுதிக்கும் பெரிய கடைகளுக்கும் கடன் அட்டை. அதில் ஒரு குறையும் இல்லை.

இடையில் 2022இல் சிங்கப்பூரில் நேர்ந்தது முழுக்க என் கவனக்குறைவு. 2020 அக்டோபர் முதல் புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்பட வேண்டும், வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியில் திறந்துகொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த என் புதிய அட்டையை நான் திறக்கவே இல்லை. கல்லாவில் இரண்டு முறை மறுக்கப்பட்ட பின், செயலிக்குள் நுழைய ஓடிபி வேண்டும், ஓடிபி வர ரோமிங் வேண்டும் என்று சங்கிலியாக நீண்டு, கடைசியில் சட்டைப் பையில் இருந்த டாலர் தாள்தான் மானத்தைக் காப்பாற்றியது. அதே பயணத்தில் ஒரு விடுதி, முன்வைப்பாக (டெபாசிட்) என் டெபிட் கார்டில் 200 டாலரை முடக்கி வைத்தது. அறையைக் காலி செய்து பன்னிரண்டு நாள் கழித்தே அது திரும்பியது. கடன் அட்டையாக இருந்திருந்தால் முடங்கியிருப்பது என் கடன் வரம்பு மட்டும். டெபிட் கார்டில் முடங்கியது என் சம்பளம்.

ஊருக்கு வந்தால் கணக்கு தலைகீழ். வெளிநாட்டில் சிறு தொகைக்கு ரொக்கம், பெருந்தொகைக்கு அட்டை என்று பழகிய எனக்கு, இங்கே டீக்கடையில் பத்து ரூபாய்க்கும் யுபிஐ என்றாகிவிட்டது. 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கத்தின்போது தெருமுனை மருந்துக்கடை வரை வந்த ஸ்வைப் மெஷின், இப்போது அதே கடையில் தூசி படிந்து கிடக்கிறது. தனியார் பேருந்தும், சனிக்கிழமை கொத்தனார் கூலியும், நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதும் மொய்யும் இன்னும் எனக்கு ரொக்கம்தான். நகைக்கடையில் அட்டையை நீட்டினால் இரண்டு சதவீதம் கூட வைப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே தேய்க்க மனம் வருவதில்லை. ஏடிஎம்மில் ஒருமுறை பணம் வராமலே கணக்கில் ஐயாயிரம் கழிந்தது. ஐந்து நாளுக்குள் திருப்பாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தர வேண்டும் என்ற 2019ஆம் ஆண்டு விதியைக் குறிப்பிட்டுக் கிளையில் எழுதிக் கொடுத்தேன். நான்காம் நாளே பணம் வந்துவிட்டது.

இப்போது கிளம்பும்போது வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கடன் அட்டைகள் வெவ்வேறு பைகளில், ஏடிஎம்முக்கு மட்டும் ஒரு டெபிட் கார்டு, இரண்டு நாள் செலவுக்குப் போதுமான அளவு அந்நாட்டுச் சிறிய தாள்கள். கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பதில்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். திரும்பி வந்து திருச்சியில் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிடுகிறேன்.