டர்பனில் ஐந்து வருஷமாக ஓடும் ஒரு டை: பஞ்ச், ஸ்பிரிங், பில்லர்

டர்பனுக்குத் தெற்கே, புராஸ்பெக்டன் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் டூல்மேக்கராக இருக்கிறேன். கோவையை விட்டு வந்து ஐந்து வருஷம். வந்த நாளிலிருந்து என் பொறுப்பில் ஒரு புரோகிரஸிவ் டை ஓடுகிறது; தகடு நகர நகர, படிப்படியாக வெட்டி வளைக்கும் அச்சு அது. 2 மி.மீ. டூயல் ஃபேஸ் என்ற வலுக்கூடிய எஃகுத் தகட்டில் கார் பிராக்கெட் அடிக்கிறோம். அதில் எந்தச் சாமான் கொடுத்த காசுக்கு உழைத்தது என்று சொல்கிறேன்.

முதலில் பஞ்ச், அதாவது தகட்டில் ஓட்டை வெட்டும் உளி. டை வந்தபோது அது டி2 என்ற கருவி எஃகு, கடினம் ராக்வெல் அளவில் 60 ஹெச்ஆர்சி. மைல்ட் ஸ்டீல் தகட்டுக்கு நன்றாகவே உழைக்கும். இந்தத் தகட்டில் முனை மழுங்குவதற்கு முன்பே பொடிப்பொடியாகப் பெயர்ந்தது. வாரம் தவறாமல் கழற்றி கிரைண்டிங் போட்டோம். அப்புறம் பவுடர் மெட்டலர்ஜி எஃகில் (உலோகப் பொடியை இறுக்கிச் செய்தது), டைட்டானியம் கார்போநைட்ரைடு பூச்சோடு வாங்கினோம். விலை அதிகம்தான். ஆனால் முகத்தைத் தீட்டினாலும் பக்கவாட்டில் பூச்சு அப்படியே இருக்கும். அதுவும் பாதிக் குறையைத்தான் தீர்த்தது. மீதியைத் தீர்த்தது கிளியரன்ஸ், அதாவது பஞ்ச்சுக்கும் அது இறங்கும் டை ஓட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி. பக்கத்துக்குத் தகட்டுத் தடிமனில் 5 சதவீதம், அதாவது 0.1 மி.மீ. விட்டிருந்தார்கள். அந்த ஓட்டை உள்ள டை புஷ்ஷை மாற்றி 0.2 ஆக்கினேன். அன்றைக்கே பிரஸ்ஸின் அதிர்வு தணிந்தது, காலில் உணர முடிந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது: வெட்டுத்துண்டு பஞ்ச்சோடு ஒட்டி மேலே ஏறியது. நடுவில் ஸ்பிரிங் பின் உள்ள பஞ்ச் போட்டதும் நின்றது. விலை கூடிய பஞ்ச் வாங்கும் முன் கிளியரன்ஸை அளந்து பாருங்கள், தயவுசெய்து.

அடுத்து ஸ்பிரிங். டை ஸ்பிரிங்குக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 10243 கணக்கில் பச்சை லேசானது, பிறகு நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பலம் ஏறும். அமெரிக்க வழக்கத்தில் பச்சைதான் எல்லாவற்றிலும் கடினம். எங்கள் ஸ்டோரில் இரண்டும் ஒரே பெட்டியில் கிடந்தன. ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஸ்டிரிப்பரின் (பஞ்ச்சிலிருந்து தகட்டைக் கழற்றிவிடும் பிளேட்) ஒரு மூலைக்கு மட்டும் அமெரிக்கப் பச்சை போய்விட்டது. பிளேட் சாய்ந்து ஓடி, விடியும்முன் இரண்டு பஞ்ச் முறிந்தன. சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் எங்கள் மூத்த ஃபிட்டர் ஸ்பிரிங்கைக் கையில் உருட்டிப் பார்த்து, "தம்பி, நெறத்த நம்பாதே, கம்பிய அளந்து பாரு" என்றார். "சரிண்ணே" என்று கேலிப்பரை எடுத்தேன். அன்று முதல் ஒரு மூலையில் ஸ்பிரிங் போனாலும் நாலையும் சேர்த்தே மாற்றுகிறேன். சிவப்பு ஸ்பிரிங்கை அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அமுக்குவதில்லை.

டையின் மேல், கீழ்ப் பாதிகளை நேராக ஓடவைக்கும் பில்லரும், அதைச் சுற்றியுள்ள குண்டுக் கூடான பால் கேஜும் பற்றிக் கோவையில் நான் கவலைப்பட்டதே இல்லை. இங்கே கடல் கூப்பிடு தூரம். டிசம்பர் விடுமுறை முடிந்து டையைத் திறந்தால், பளபளத்த பில்லரில் ஒரு பெருவிரல் ரேகை, கோடு கோடாகத் துருவில் பதிந்திருந்தது. கேஜிலுள்ள குண்டுகள் பில்லருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே சில மைக்ரான் இறுக்கத்தில் உருளுபவை. அந்த ரேகை மேல் ஓடி ஓடிக் குண்டுகளில் தழும்பு விழுந்தது, மூன்று மாதத்தில் ஒரு ஓட்டையின் பிசிறு ஒரு பக்கம் மட்டும் தடித்தது. பில்லர், கேஜ், புஷ் மூன்றையும் ஒரு செட்டாக மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது விடுமுறைக்கு முந்தின நாள் கையுறை போட்டுத் துடைத்து, துருத்தடுப்பு எண்ணெய் தடவி, மெழுகுத்தாள் சுற்றி வைக்கிறேன். அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை.